டெம்பருக்கு அடியில ஒரு கீறல்

ஒரு கீறலுக்காக ரெண்டு மாசம் மண்டைய உடைச்சுக்கிட்டேன்னு சொன்னா சிரிப்பீங்க. பரவால்ல. விஷயம் இதுதான். பழைய போனைக் குடுத்துட்டு வேற வாங்கலாம்னு ஜூன் மாசம் ரங்கூன் டவுன்டவுன்ல ஒரு செகண்ட் ஹேண்ட் கடைக்குப் போனேன். கடைப் பையனுக்கு இருபது வயசு இருக்கும், பாதி முடி மஞ்சள், வாய் நிறைய வெத்தலை. போனை வாங்குனான், ஒண்ணும் பேசல, கட்டைவிரல் நகத்தால ஸ்க்ரீன் மேல ஒட்டிருந்த டெம்பர் கிளாஸோட மூலையக் கிளப்பி சர்ருன்னு உரிச்சுட்டான். ஸ்க்ரீனை ஆஃப் பண்ணி டியூப் லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் பிடிச்சான், பெறகு இன்னும் கொஞ்சம் சாய்ச்சான். "ஷிதெ, ஆகோ"ன்னான். இருக்காம். நானும் குனிஞ்சு பாத்தேன். ஸ்க்ரீனுக்கு நடுவுல ஆரம்பிச்சு வலது ஓரம் வரைக்கும், மூணாம் பிறை மாதிரி வளைஞ்சு, தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. நேரா வச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது, சாய்ச்சா மட்டும் வெள்ளையா மின்னுது. 50,000 கியாட் கம்மியாத்தான் எடுப்பேன்னான். நான் குடுக்கல, போனைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

காசு போனா போகுதுன்னு விட்டிருப்பேன், அது இல்ல பிரச்சனை. எனக்குப் புரியாதது என்னன்னா, டெம்பருக்கு *அடியில* கீறல் எப்படி வரும்? மேல வர்ற கீறல் எல்லாம் டெம்பர்ல தானே விழணும், அதுக்குத்தானே அதை ஒட்டுறது? வாங்குன அன்னிக்கே கடையிலயே ஒட்டி, அது தேய தேய உரிச்சு வேற ஒட்டி, மூணு வருஷம் பச்சப் புள்ளையப் பாத்துக்கிற மாதிரி வச்சிருந்தேன். கல்யாணத்துக்கு வந்த சோபாவோட பிளாஸ்டிக் கவரை இருபது வருஷம் பிரிக்காம வச்சிருந்த வீட்ல வளந்தவன் நான். அந்த சோபாத் துணி எப்படி இருக்கும்னு எங்க யாருக்கும் கடைசி வரைக்கும் தெரியாது. போனும் அப்படித்தான்.

நம்ம ஊர்ல போன்னா ஒரு தனி மரியாதை உண்டுல்ல. 2014க்கு முன்னாடி ஒரு சிம் கார்டுக்கு என்ன வெல குடுத்தோம்னு ரங்கூன்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, அந்த வருஷம் வெளிநாட்டுக் கம்பெனிங்க வந்து 1500 கியாட்டுக்கு சிம் போட்டப்ப மக்கள் வரிசையில நின்னதும் ஞாபகம் இருக்கும். நிறையப் பேரு கம்ப்யூட்டரைப் பாக்காமலே நேரா டச் ஸ்க்ரீனுக்கு வந்த ஊரு இது. எங்கம்மா தொட்ட முதல் போனே டச் போன்தான். தொடுறதுக்கு முன்னாடி கைய லோஞ்சியில (இங்க எல்லாரும் கட்டுற கைலி) துடைச்சுக்குவாங்க, சாமி படத்தைத் தொடுற மாதிரி.

பத்து நாள் கணக்கு

ஒரு வாரம் யோசிச்சப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. ஏப்ரல்ல, திஞ்சானுக்கு, அதான் பர்மாக்காரங்க தண்ணி ஊத்திக் கொண்டாடுற வருஷப் பொறப்புக்கு, ரெண்டு நாள் முன்னாடி, பஸ்ல இருந்து இறங்கையில போன் கீழ விழுந்து டெம்பர் மூலை நொறுங்கிருச்சு. கட்டைவிரல்ல குத்துதுன்னு நானே உரிச்சுப் போட்டேன். வேற ஒட்டலாம்னு போனா எல்லாக் கடையும் பூட்டு. திஞ்சானுக்கு இந்த ஊரே பூட்டிக்கிட்டுப் போயிரும்ல, போன் கடைப் பசங்க எல்லாம் சொந்த ஊருக்குப் பறந்துருப்பாங்க. எல்லாம் முடிஞ்சு கடை தொறந்து நான் புது டெம்பர் ஒட்டுனதுக்கு நடுவுல சரியா பத்து நாள். மூணு வருஷத்துல அந்தப் பத்து நாள் மட்டும்தான் என் போன் அம்மணமா இருந்துருக்கு. ஒட்டுன பையனும் கீறலைப் பாக்காம மேலயே ஒட்டிருக்கான் (இல்ல, பாத்தும் எனக்கென்னன்னு ஒட்டிருப்பான்). ஆக, குத்தம் நடந்தது அந்தப் பத்து நாள்ல. இனிமே யாரு பண்ணுனதுன்னு கண்டுபிடிக்கிறது தான் பாக்கி.

இதை வீட்ல சொன்னேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா"ன்னு கேட்டா. ஆபீஸ்ல கணக்கு எழுதுறவன் நான், ஒரு தொகை இடிச்சா தூக்கம் வராது, அது அவளுக்கும் தெரியும்.

முதல் சந்தேகம் சாவி மேல. ஆனா லோஞ்சிக்குப் பாக்கெட் கிடையாதே, நான் போனை இடுப்புக்குப் பின்னால சொருகிக்கிறவன், சாவி சட்டைப் பையில. சில்லறையும் இல்ல, இந்த ஊர்ல காசுங்கறதை யாரு கண்டா, பூரா நோட்டு தானே. அப்படியே சாவி உரசியிருந்தாலும் அதால கண்ணாடியக் கீற முடியாதுன்னு பிறகு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். நம்ம வீட்டுப் பித்தளைச் சாவி கண்ணாடிய விட மெதுவானது, உரசுனா சாவிதான் தேயும், சில சமயம் அந்த உலோகமே கண்ணாடி மேல கோடா ஒட்டிக்கிட்டுக் கீறல் மாதிரி தெரியும், துடைச்சாப் போயிரும். சாவிக்குக் கெட்ட பேரு வந்தது பிளாஸ்டிக் ஸ்க்ரீன் காலத்துல. 2007 ஜனவரியில மேடையில காட்டுன முதல் ஐபோன்ல ஸ்க்ரீன் பிளாஸ்டிக்தான். அதைப் பாக்கெட்ல சாவியோட போட்டு வச்சிருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் அது பூரா கீறலாயிட்டதைப் பாத்து கடுப்பாகி, ஜூன்ல கடைக்கு வர்றதுக்குள்ள கண்ணாடியா மாத்த வச்சாரு. கார்னிங் கம்பெனி அந்த மாதிரிக் கண்ணாடிய 1960கள்லயே செஞ்சு பாத்துட்டு வாங்க ஆள் இல்லாம மூலையில போட்டிருந்துச்சாம், அதுதான் தூசி தட்டி கொரில்லா கிளாஸ்னு வந்தது.

அந்தக் கண்ணாடி செய்யுற விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, அதை மட்டும் சொல்லிர்றேன். வெடியுப்ப உருக்கி, சுமார் 400 டிகிரி சூட்டுல, கண்ணாடிய அதுல முக்கி வைக்கிறாங்க. கண்ணாடிக்கு மேல்தோல்ல இருக்குற சோடியம் அணு வெளிய போயிருது, அந்த எடத்துல வெடியுப்புல இருக்குற பொட்டாசியம் வந்து உக்காருது. பொட்டாசியம் பெருசு, எடம் சின்னது. 2017ல ஒய்பிஎஸ்னு புது பஸ் சர்வீஸ் வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல ஓடுன பழைய பஸ்ஸ நெனச்சுக்கங்க, ஒல்லியான ஆள் எழுந்த சீட்ல ஒரு தடியன் வந்து உக்காந்தா வரிசையே நெருக்கி இறுகிப் போகுமே, யாரும் அசைய முடியாது. அந்த இறுக்கம்தான் பலம். விரிசல் விடணும்னா அந்த நெருக்கத்தைப் பிளந்துட்டுத்தான் போகணும். ஆனா இதெல்லாம் போன் விழுந்தா உடையாம இருக்கத்தான் பெருசா உதவுது. கீறல் வேற, உடையறது வேற, நாம ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறோம்.

ரெண்டாவது சந்தேகம், சொல்லவே வெக்கமா இருக்கு, என் வீட்டுக்காரி மேல. அவ கன்னத்துல தனாக்கா (மரப்பட்டையக் கல்லுல அரைச்ச மஞ்சள் குழம்பு) பூசிக்கிட்டு என் போன்ல தான் அவ அக்காகிட்ட மணிக்கணக்காப் பேசுவா, பேசி முடிச்சுக் குடுத்தா ஸ்க்ரீன்ல கன்னத்தோட அச்சு மஞ்சளா இருக்கும். தனாக்கா மரம்தான், கண்ணாடிய ஒண்ணும் பண்ணாது. ஆனா அதை அரைக்கிற கல்லு? புது ஆட்டுக்கல்லுல மொத ரெண்டு தடவை அரைச்ச மாவைக் கீழதான் கொட்டணும், மணல் நறநறன்னு வரும்னு ஆத்தா சொல்லும்ல. அவ பங்குனியிலதான் புதுசா ஒரு தனாக்கா கல்லு வாங்கிருந்தா. நான் இதை ரொம்ப சாதாரணமா, பேச்சுவாக்குல கேக்குற மாதிரிதான் கேட்டேன். ரெண்டு நாள் எனக்கு டீ வரல.

மூணாவது மணல். திஞ்சான்ல எல்லாரும் மாட்டிக்கிட்டுத் திரியிற அந்த பிளாஸ்டிக் பை, கழுத்துல கயிறு போட்டுத் தொங்குமே, அதுக்குள்ளதான் போனைப் போட்டிருந்தேன். அந்தப் பை போன வருஷத்துது, அடியில மணல் இருந்துருக்கலாம். மணல்னா பெரும்பாலும் குவார்ட்ஸ், நம்ம ஆளுங்க பளிங்குக்கல்லுன்னு சொல்றது (தரையில போடுற மார்பிள் இல்ல). ஜெர்மன்காரர் ஃபிரெட்ரிக் மோஸ், 1812ல ஒரு வரிசை போட்டாரு, எது எதைக் கீறும்னு 1ல இருந்து 10 வரைக்கும். மாக்கல்லு 1, வைரம் 10. நம்ம நகம் ரெண்டரை. போன் கண்ணாடி 6 பக்கம், பளிங்கு 7. அதாவது சட்டைத் துணியில ஒட்டிருக்கிற ஒரு பொடி மணல், கண்ணுக்கே தெரியாதது, அது போதும். "துணியால தானே தொடச்சேன்"னு சொல்றோம்ல, துணியால தொடைக்கிறப்பத்தான் பாதிக் கீறலே விழுது. ஆத்து மணலை அள்ளி அள்ளித் தெருவுக்குத் தெரு கொட்டி வச்சிருக்கிற ஊர்ல மணல் இல்லாத லோஞ்சி ஏது.

சரி மணல்தான்னு ஃபைலை மூடிருப்பேன். மூட விடாதது அந்தக் கோட்டோட வளைவு. அவ்வளவு அழகா, கவராயம் வச்சு வரைஞ்ச மாதிரி, மணல் எப்படிப் போகும்?

திங்கக்கிழமை

எங்க தாய்மாமா ரங்கூனுக்கு அக்கரையில, சிரியம்ங்கற ஊர்ல இருக்காரு. நாப்பது வருஷத்துக்கு மேல கல்லு வியாபாரத்துல ப்வெசாவா இருந்தவரு, அதான் புரோக்கர். காலையில ஸ்காட் மார்க்கெட், சாயங்காலம் மோகல் ஸ்ட்ரீட்னு அலைஞ்ச மனுஷன், இப்ப முழங்கால் வலியில வீட்டோட இருக்காரு. திங்கக்கிழமை மார்க்கெட் லீவுங்கறதால அந்தக் காலத்துல இருந்தே திங்கக்கிழமைதான் சொந்தக்காரங்களுக்கு ஒதுக்குன நாள், ரிட்டையர் ஆகியும் அதை மாத்தல. செவ்வாய்க்கிழமை போனா "என்னடா இன்னிக்கு வந்துருக்க"ன்னு கேப்பாரு. சித்திரை ஒண்ணும் திஞ்சானும் ஒண்ணா வர்றதால வருஷப் பொறப்பன்னிக்குப் பாலம் தாண்டி அவங்க வீட்டுக்குப் போயி, தெருவுல வாளி வாளியா ஊத்துற தண்ணியெல்லாம் வாங்கிக்கிட்டு, நனைஞ்ச கோழியா உள்ள நுழைஞ்சு அத்தை கையால சாப்பிடுறது வழக்கம். இந்த வருஷமும் போனோம்.

ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு ஒரு திங்கக்கிழமை போனை எடுத்துக்கிட்டு அவர்கிட்டப் போனேன். கோட்டைக் கண்டுபிடிக்க இல்ல, சத்தியமா. பேச்சுல ஒரு சுவாரஸ்யத்துக்குத்தான். டெம்பர் அட்டைப்பெட்டியையும் கூட எடுத்துட்டுப் போயிருந்தேன், அது மேல பெருசா 9எச்னு போட்டிருக்கும், எல்லாக் கம்பெனி டெம்பர்லயும் இதான் இருக்கும், நீங்களும் பாத்துருப்பீங்க.

மாமா அதைப் பாத்துட்டு சிரிச்ச சிரிப்புல அத்தை அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தாங்க.

"9ஆ? 9ன்னா என்னன்னு தெரியுமா மாப்ளே? குருந்தம்டா. கெம்பும் நீலமும் ரெண்டும் அதான், செவப்பா இருந்தா கெம்பு, மத்ததெல்லாம் நீலம். இந்த 1500 ரூவாத் தாளு கெம்பா?"

அவர் கியாட்டை இன்னும் ரூவான்னுதான் சொல்லுவாரு. இந்த இடத்துல ஒண்ணு சொல்லிக்கிறேன், கொரண்டம்னு இங்கிலீஷ்ல சொல்றாங்கல்ல, அந்த வார்த்தையே நம்ம குருந்தத்துல இருந்து போனதுதான். சாணைக்கல்லுல அரக்கோட கலந்து கத்தி தீட்டுறதுக்கு நம்ம ஆளுங்க வச்சிருந்த கல்லு, வெள்ளைக்காரன் பேரோட சேத்து எடுத்துக்கிட்டான். மோஸ் போட்ட வரிசையில ஒம்பதாவது படியில உக்காந்துருக்கிறது ஒரு தமிழ் வார்த்தைன்னா எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

நான் படிச்சதை மாமாகிட்ட சொன்னேன். அந்த 9எச் கல்லுக் கணக்கே இல்ல மாமா, பென்சில் கணக்கு. பெயிண்ட் எவ்வளவு கெட்டின்னு பாக்க, பென்சிலை 45 டிகிரி சாய்ச்சு வச்சு மேல எடை போட்டுத் தள்ளிப் பாப்பாங்க, அந்தச் சோதனைப் பென்சில்லயே ரொம்பக் கெட்டியானது 9எச், அதுவும் கீறலைன்னா 9எச் பாஸ். பென்சில்ங்கறது கிராஃபைட்டும் களிமண்ணும், அது எந்தக் கண்ணாடியைத்தான் கீறும்? எங்க பாட்டி வீட்டு ஜன்னல் கண்ணாடி கூட அந்தக் கணக்குல 9எச் தான். மாமா இப்ப சிரிக்கல. "நாங்க கெம்பு மாதிரியே செவப்பா இருக்குற ஸ்பைனல் கல்லைக் கெம்புன்னு வித்தா உதைக்க வருவாங்க, இவனுங்க பென்சிலக் கெம்புன்னு விக்கிறானுங்க"ன்னாரு. மேசை டிராயர்ல இருந்து ஒரு ஊசியும் ஒரு பளிங்குத் துண்டும் எடுத்தாரு. பெட்டியில இருந்த பழைய டெம்பர்ல ஊசியால இழுத்தாரு, ஒண்ணும் ஆகல. பளிங்கால இழுத்தாரு, கிரீச்சுன்னு சத்தம், வெள்ளைக் கோடு, ஓரமா கொஞ்சம் மாவு. "7ஏ தாங்கல உன் 9"ன்னாரு.

"அப்படின்னா கெம்புலயே கண்ணாடி பண்ணி ஒட்டலாமேடா"ன்னாரு அடுத்து. பண்ணத்தான் பாத்தாங்க மாமா, ஐபோன் கேமரா மேல இருக்குற சின்ன மூடி 2012ல இருந்து அதான், ஃபேக்டரியில வளத்த வெள்ளை நீலக்கல்லு. ஸ்க்ரீனுக்கும் நீலக்கல்லைப் பெருசு பெருசா வளத்துத் தர்றேன்னு ஆப்பிள்கிட்ட காசு வாங்குன ஜிடி அட்வான்ஸ்டுன்னு ஒரு கம்பெனி 2014 அக்டோபர்ல திவாலாயிருச்சு. ஃபேக்டரிக் கல்லுன்னதும் மாமா மூஞ்சி போன போக்கைப் பாக்கணும். 1900களோட தொடக்கத்துல ஒரு பிரெஞ்சுக்காரர், வெர்னோய், நெருப்புல பொடியத் தூவி கெம்பு வளக்கக் கண்டுபிடிச்சாருல்ல, மாமாவப் பொறுத்தவரைக்கும் அவர்தான் உலகத்துலயே பெரிய திருடன். அந்தக் கல்லு சுத்தமா இருக்கும், உள்ள ஒரு தூசி இருக்காது. கெம்புச் சுரங்கம் இருக்குற நம்ம மொகோக் ஊருக் கல்லுன்னா உள்ள மெலிசா நூல் நூலா ஓடும், பட்டுன்னு சொல்லுவாங்க. மாமா எங்கிட்ட சின்ன வயசுலயே சொல்லிருக்காரு, கல்லு ரொம்ப சுத்தமா இருந்தா வெலை கேக்காத, யாரு வளத்ததுன்னு கேளுன்னு.

லென்ஸு

பிறகுதான் போனைக் குடுத்தேன். விளக்கு வெளிச்சத்துல பாக்க மாட்டாரு, எந்தக் கல்லையும் அப்படிப் பாத்ததில்ல. ஜன்னல் பக்கம் நாற்காலிய இழுத்துப் போட்டு, பத்து மடங்கு லென்ஸைக் கண்ணுல ஒட்டுனாப்ல வச்சு, போனைக் கைக்குள்ள திருப்பித் திருப்பிப் பாத்தாரு. நான் கீறல் எங்க இருக்குன்னு காட்டப் போனேன், "பேசாம இரு"ன்னுட்டாரு.

முதல்ல ஓரத்தைப் பாத்தாரு. டெம்பர் மூடாம விட்ட அந்த நூலளவு விளிம்பு. "போனை மேசையில கவுத்து வைப்ப போலருக்கே" ன்னாரு. ஆமா. "டீக்கடையில." ஆமா, எப்படித் தெரியும்? பதில் இல்ல. "இடுப்புல சொருகுறது வலது பக்கம் சாய்ச்சு. எடுக்கிறப்ப திருகி எடுக்குற." அதுவும் ஆமா. பெறகு காதுல வச்சுக் கேக்குற ஸ்பீக்கர் ஓட்டைக்குப் பக்கத்துல பாத்துட்டு, "இங்க மஞ்சளா அடைச்சுருக்கே, தனாக்காவா? அவ மேலயா சந்தேகப்பட்ட?"ன்னு கேட்டாரு. நான் வாயே தொறக்கல. எனக்குக் கொஞ்சம் பயமாவே இருந்துச்சு, ஜாதகம் பாக்க உக்காந்த மாதிரி. மூணு வருஷமா கையில வச்சிருக்கிற எனக்குத் தெரியாதது இவருக்கு மூணு நிமிஷத்துல தெரியுது. பாத்து என்ன புண்ணியம், அந்த மஞ்ச முடிப் பையனும் இதே மாதிரிதான் சாய்ச்சுப் பிடிச்சான், அவனுக்குத் தெரிஞ்சது 50,000 மட்டும்தான்னு அப்ப நெனச்சேன். அதுவும் முழுசா நியாயம் இல்லதான். கீறல் விழுந்த கண்ணாடி பலம் குறைஞ்சதுதானே, கண்ணாடிக் கடையில கட்டரால ஒரு கோடு போட்டுட்டு டக்குன்னு ஒடிக்கிறாங்களே, அதே சங்கதிதான். கிரிஃபித்ங்கற இங்கிலீஷ்காரர் 1921லயே இதை எழுதி வச்சுட்டாரு, கண்ணாடி உடையறது கண்ணாடியால இல்ல, அதுல ஏற்கனவே இருக்குற குட்டிக் குட்டிக் கீறல் முனையில போய் மொத்த அழுத்தமும் குவியறதாலன்னு. பையன் கேட்டது ஒருவேளை சரியான வெலையாக் கூட இருக்கலாம்.

கடைசியா மாமா அந்தப் பிறைக் கோட்டுக்கு வந்தாரு.

லென்ஸை எடுத்துத் தொடச்சாரு. திரும்பப் பாத்தாரு. கோட்டோட ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் மெதுவா, எறும்பு ஊர்ற மாதிரி நகத்தினாரு.

"மணல் இல்ல"ன்னாரு. "மணல்னா உருளும். விட்டு விட்டுப் போகும், கூடவே ரெண்டு மூணு பொடிக் கோடு இருக்கும். இது ஒத்தைக் கோடு. எடுத்த எடுப்புல ஆழம், போகப் போக மெலிசு. ஒரு முனை, பட்டை தீட்டுன முனை. கையப் பதிச்சு இழுத்திருக்கு." கொஞ்ச நேரம் விட்டு, "இது 9"ன்னாரு.

9ஆ, நம்ம வீட்ல யார்கிட்ட மாமா 9 இருக்குன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டேன். கேட்டு முடிக்கிறதுக்குள்ள எனக்கு சித்திரை ஒண்ணாந்தேதி ஞாபகம் வந்துருச்சு. பையில இருந்து போனை எடுத்து, சிங்கப்பூர்ல இருக்குற அவரு பேத்தியோட படத்தைக் காட்டுனேன். மாமா எதைக் கையில வாங்குனாலும் முதல்ல உள்ளங்கையால ஒரு தடவு தடவித் தொடைச்சுட்டுத்தான் பாப்பாரு, கல்லா இருந்தாலும் சரி, போட்டோவா இருந்தாலும் சரி, தட்டுல வச்ச பழமா இருந்தாலும் சரி. அன்னிக்கும் போனை மடியில வச்சு, கைய அரைவட்டமா வீசி ஒரு தடவை தொடைச்சாரு. தண்ணி பட்டிருந்துச்சு வேற.

மாமா என்னைப் பாக்கல. அவரு வலது கையப் பாத்துட்டு இருந்தாரு. மோதிர விரல்ல அந்தக் கெம்பு மோதிரம், எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து போட்டிருக்காரு, முதல் முதலா தானே முடிச்ச வியாபாரத்துல வந்த கமிஷன்ல எடுத்ததும்பாரு. மோதிரம் தெரியுது, கல்லைக் காணோம். கல்லு திரும்பி உள்ளங்கைப் பக்கமாப் போயிருந்துச்சு. கட்டைவிரலால அதைத் தள்ளி மேல கொண்டு வந்தாரு. கைய இறக்கி வச்சாரு, அது தானா வழுக்கி மறுபடியும் உள்ள போயிருச்சு. விரல் அவ்வளவு மெலிஞ்சு போயிருந்ததை நான் அப்பத்தான் பாத்தேன்.

"மாமா, மணலாத்தான் இருக்கும்"னேன்.

"மணல் இல்லடா. சொல்றேன்ல."

"கழட்டி வைங்க கழட்டி வைங்கன்னு ஆறு மாசமா சொல்றேன், என்னிக்காச்சும் குளிக்கையில சாக்கடையோட போகப் போகுது, அப்பத்தான் தெரியும்" - இது அடுப்படியில இருந்து அத்தை. மாமா காதுல வாங்குன மாதிரித் தெரியல. பையன் எவ்வளவு கொறைச்சான்னு கேட்டாரு. அம்பதாயிரம்னேன். உள்ள போய் மேல்சட்டைப் பையைத் தேட ஆரம்பிச்சவரைப் பிடிச்சு உக்கார வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. போனை விக்கவே இல்லை மாமா, எங்கிட்டயே இருக்கு, பிறகு எதுக்குக் காசுன்னா, "இருந்தாலும் கல்லோட வெலை எறங்கிருச்சில்ல"ங்கிறாரு. போனைத்தான் கல்லுங்கிறாரு.

அத்தை சிவப்பு நூல்கண்டைக் கொண்டாந்து மேசையில போட்டுட்டுப் போனாங்க. மோதிரத்தைக் கழட்டுறதுக்கு சோப்பு எண்ணெய் எதுவும் தேவைப்படல, விரலைக் கவுத்ததும் விழுந்துருச்சு. மாமாவால நூலைக் கோக்க முடியல, கண்ணு லென்ஸுக்குப் பழகுனது, கை நடுங்குது. நான் வாங்கி வளையத்தோட அடிப்பக்கத்துல நெருக்கமா சுத்த ஆரம்பிச்சேன், எங்கம்மா சுத்துனதைப் பாத்த ஞாபகத்துல. ஏழெட்டு சுத்துக்கு ஒரு தடவை போட்டுப் பாத்தாரு, ஆட்டிப் பாத்தாரு, இன்னும் கொஞ்சம்னாரு. இருபது சுத்துக்கு மேல போச்சு. ஒரு வழியா நின்னுச்சு, கல்லு மேல பாத்தபடி.

முடிச்சுப் போட்டு நூலை அறுத்ததும் மறுபடி கழட்டுனாரு. எதுக்குன்னு பாத்தா, லென்ஸை எடுத்துக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துட்டாரு. கெம்போட ஒவ்வொரு பட்டையா, ஒவ்வொரு முனையா, போனைப் பாத்ததை விட ரெண்டு மடங்கு நேரம் பாத்தாரு. நானும் அத்தையும் டீயக் குடிச்சே முடிச்சுட்டோம்.

"கல்லுக்கு ஒண்ணும் ஆகல"ன்னாரு.